நகவெட்டி

இரவில் நகம் வெட்டினால் வீட்டுக்குக் கூடாதாம்.
சீலன் இரவில்தான் வெட்டுகிறான்,
வாசல் பல்ப்பின் கீழே, ஈசல் மொய்க்க.
வலக்கையில் மிஞ்சிய மூன்று விரலுக்கு
இடக்கை வளையாமல்
பாதியில் என்னிடம் நீட்டுவான்.
நான் வெட்டி, அரத்தில் தேய்த்து,
என் கன்னத்தில் இழுத்துப் பார்ப்பேன்,
பிசிறு இருக்கிறதா என்று.

ஒலுமடுவில் எட்டரைக்கே ஊர் அடங்கும்.
காட்டுப் பக்கம் யானைவெடி ஒன்று,
பிறகு தவளை.

முதல் வருசம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு நாற்பத்தாறு.
பச்சை மிளகாய் அரிந்த கையைத்
தண்ணியில் மட்டும் அலம்பிவிட்டு நான் தொட்ட இரவு
சாரத்தைக் கையில் பிடித்தபடி
கிணற்றடிக்கு ஓடினான்.
வாளி வாளியாய் ஊற்றிக்கொண்டு
"உதென்ன, சமையலோ?" என்று கத்தினான்.
சிரித்து எனக்கு விக்கல் வந்தது.
அன்றிலிருந்து சவர்க்காரம், இரண்டு தரம்,
நகக்கண் வரைக்கும்.
முள்ளுக்கம்பி கீறிய நாட்களில்
விரலைத் தூக்கிக் காட்டுவான், சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி.
காயம் ஆறட்டும்.

மாங்குளம் கிளினிக்கில் மருத்துவமாது தவமலர்
கதவைச் சாத்திவிட்டுப் படம் கீறினார்.
"வெளியில தெரியிறது நுனிதான், ஒரு பயறளவு.
மிச்சம் உள்ளுக்க,
ரெண்டு பக்கமும் கால் விரிச்சு இருக்கு.
பிள்ளை வாற வழி வேறை, மூத்திரம் போற வழி வேறை.
இதுக்கு இன்பத்தைத் தவிர வேறை வேலையில்லை."
ஏழு பெண்கள் நிலத்தைப் பார்த்திருந்தோம்.
பேர் என்னவென்று நான்தான் கேட்டேன்.
அவர் சொன்ன சொல் புத்தகத்திலிருந்து வந்தது,
நாக்கில் ஏறவில்லை.
எங்களிடம் இருந்ததெல்லாம்
சண்டையில் எறிகிற சொற்கள்.
படத்தை மடித்து
சமுர்த்திக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தான்,
பழுதான மோட்டரைப் பார்ப்பதுபோல.
"அப்ப நான் இவ்வளவு நாளும்
பக்கத்து வளவுக்குள்ளயோ நிண்டனான்?"

முகமாலையில் மூன்று வருசம்
மிதிவெடி அகற்றினவள் நான்.
முழங்காலில், ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்.
அதைச் சொல்லித்தான் ஒருநாள் மெதுவாகத் தொட்டான்,
"உன்ரை நிலம் மாதிரித்தானே, பாத்துப் பாத்து."
கையைப் பிடித்து நிறுத்தினேன்.
நிலமென்று சொல்லாதே.
நிலத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.
எனக்கு வாய் இருக்கு.
கேள்.

அதற்குப் பிறகு கேட்கிறான்.
இஞ்சையோ? ஓம்.
இன்னும் மேலை. இல்லை, இடப்பக்கம்,
அழுத்தாதை. சுத்தி. அப்பிடியே.
நிப்பாட்டு என்றால் நிற்கிறது கை,
ஏனென்று கேட்காமல்.
தொடையில் சன்னம் கிடக்கும் இடத்தைச்
சுற்றிக்கொண்டு போகிறது.
கரண்ட் போனாலும் நிற்காத வேலை இது.
குதிகால் பாயில் ஊன்ற
என்னிலிருந்து வந்த சத்தத்துக்கு
கூட்டுக்குள் கோழியொன்று பதில் சொன்னது.

அவனிடமும் உண்டு ஒரு 'வேண்டாம்'.
தடுப்பில் இருந்து வந்தவன்.
"தொடட்டோ" என்பேன்.
சில இரவுகளில் சுவரைப் பார்த்தபடி
இல்லையென்று தலையாட்டுவான்.
ஆம்பிளை இல்லையெண்டு சொல்லலாமோ,
ஒருமுறை கேட்டான், என்னையில்லை, தன்னை.
சொல்லலாம்.
அன்று ஒரு முழம் விட்டுப் படுப்பேன்.
விடியப்புறம் அவனே என் கையை எடுத்து
வயிற்றின்மேல் வைப்பான்.
அங்கேதான். கீழே அல்ல.
நானும் அங்கேயே வைத்திருப்பேன்.

நேற்றுக் காலை வேலிக்கு அங்கால்
ஞானசவுந்தரி அக்கா குரலைத் தாழ்த்தினா.
"நகவெட்டி இருந்தா ஒருக்காத் தாங்கோ பிள்ளை.
இந்த மனுசன் பிறாண்டுது."
கொடுத்தேன்.
மத்தியானம் திரும்பி வரவில்லை.
பின்னேரமும் வரவில்லை.
சீலன் பல்ப்பைப் போட்டுவிட்டு
கையை விரித்தபடி இருக்கிறான்.