அடி எண்ணிக்கை

வில்லுக்குறி தாண்டி, நாலுவழிச் சாலை பார்த்த சரிவில்
பதினெட்டு சென்ட்.
புரோக்கர் சுயம்புதாஸ் வண்டியை நிழலில் போட்டுவிட்டு
"கண்ணாடி மாதிரி பிளாட், மேடம்" என்றார்.
கண்ணாடி என்றதும் எனக்கு உடைவதுதான் நினைவு வரும்.
தொழில் கெடுத்த மனசு.

பணம் போடுகிறவர் ரெல்பின்.
மஸ்கட்டில் வெல்டர்; பதினோரு வருடச் சூடு அந்தப் பணம்.
முன்னாதாரம் மூன்று தலைமுறைக்குப் பார்த்தாயிற்று.
வில்லங்கம் இல்லை என்று பதிவு அலுவலகம் சொல்லிவிட்டது.
மண்ணில் வில்லங்கம் உண்டா என்று
அந்தத் தாளில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

மேலே ஆறடிக்குச் செம்மண்,
எங்கோ ஒரு விளையின் முதுகை வெட்டி லாரியில் வந்தது.
ஓரத்தில் மட்டும்
சொன்ன பேச்சுக் கேளாத கோரை.
பக்கத்து மதிலில் படிபடியாய் இறங்கும் விரிசல்.
"அது பூச்சு வெடிப்புதான்."
ஐந்து ரூபாய் நாணயத்தை அதில் செருகினேன்.
நின்றது.

முக்காலி நட்டோம்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டி
இரண்டரை அடி உயரத்திலிருந்து விழும்.
ஓர் அடி இறங்க எத்தனை அடி?
இதற்கென்றே தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது.
ஐந்தாவதில் பன்னிரண்டு.
எட்டாவதில் மூன்று.
பத்தில் எபனேசர் சம்மட்டியைத் தூக்கவே இல்லை;
வெந்த மரச்சீனியில் கம்பி போவதுபோல்
குழாய் தன் கனத்தில் தானே போயிற்று.
வெளியே வந்தது கரிய சேறு,
அதில் ஒரு நத்தைக் கூடு,
இன்னும் மக்காத நெல்தாள்.
இருபத்து மூன்றில்தான்
டங்.

"அடித்தளத்துக்கே ஒன்பது லட்சம் கூடும்.
அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள்."
சென்ட் நாலரைக்கு ஒரு ரூபாய் குறையாது என்றார் சுயம்புதாஸ்.
ரெல்பின் எனக்கு இருபத்தெட்டாயிரம் தந்துவிட்டு
விமானம் ஏறினார்.

ஆறு மாதத்தில் அது ஐந்தேகாலுக்குப் போயிற்று.
நடுவில் வாங்கி விற்றவர்
ஒரு கல் வைக்காமல் பதின்மூன்றரை லட்சம் பார்த்தார்.
மஸ்கட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ்:
"மேடம், நீங்க சொன்னது சரிதான், ஆனா"
பிறகு கிரைண்டர் சத்தம் மட்டும்.
என்ன பதில் சொல்வது?
விலை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று
என் சம்மட்டிக்குத் தெரியாது.
கைமாறிக்கொண்டே இருக்கும்வரை சேறும் பாறைதான்.
கட்ட வருகிறவர் காலுக்குக் கீழேதான்
அது சேறாகும்.

ஐப்பசி மழை வடிந்தபின் வந்தார் அந்த நாலாவது கை,
மணவாளக்குறிச்சி பத்மஜோதி டீச்சர்.
ஓய்வுப் பணம் முழுக்க அதில்.
கீழே குடியிருப்பு, மேலே இரண்டு வாடகை வீடு,
பிளானை மடியில் விரித்துவைத்துக்கொண்டு
"முட்டளவு தண்ணி நின்னுது. மண்ணு பாக்க எவ்வளவு ஆவும்?"

பழைய கோப்பு என் மேசையிலேயே கிடந்தது.
ஆனால் அது ரெல்பினின் சொத்து.
கூப்பிட்டுக் கேட்டேன்.
கொஞ்சநேரம் யோசித்தார்.
"பாதி ரூவா வாங்கிட்டுக் குடுங்க மேடம்."
அந்த மண்ணிலிருந்து அவருக்கு வந்த ஒரே வரவு,
பதினாலாயிரம்.

டீச்சர் நோட்டுகளை இரண்டுமுறை எண்ணி வைத்தார்.
அறிக்கையை வாசிக்கவில்லை.
என் முகத்தைத்தான் வாசித்தார்.
"கீழ பாறை இருக்குல்லா?"
"இருக்கு டீச்சர்" என்றேன்.
எத்தனையாவது அடியில் என்பதற்கு
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டேன்.