ஐந்துக்குக் கீழே

சீனன்குடா மாவாலையின் நிறுவைப் பாலத்தில்
இருபத்திரண்டு வருசம் இருந்தவன் நான்.
லொறி ஏறும். முள் நடுங்கும். நிற்கும்.
நின்ற எண்ணை எழுதுவேன்.
நடுங்கும்போது எழுதியவன் ஒருவன் வேலையை இழந்தான்,
பெயர் வேண்டாம், இப்போது கனடாவில்.

எண்களோடு எனக்குப் பழக்கம் என்றுதான் இருந்தேன்
அவை என்னை நிறுக்கத் தொடங்கும்வரை.

குடலில் ஒரு சாண் வெட்டி
மிச்சத்தை மிச்சத்தோடு தைத்தார்கள்.
மூன்றாம் நாள் சி.ஆர்.பி. இருநூற்றுப் பன்னிரண்டு.
டொக்டர் விதானகே ஒன்றும் சொல்லவில்லை,
கட்டில் தலைமாட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்தார்.
உள்ளே தையல் விட்டால்
வயிற்றுக்கு முன்னமே இரத்தம் அறியுமாம்.
அன்றிரவு வயிற்றிடம் ஒன்றும் கேட்காமல் கிடந்தேன்.
வார்டு மின்விசிறி தன் ஒரே சொல்லை
விடியும்வரை சொன்னது.
நான்காம் நாள் நூற்று முப்பது.
ஐந்தாம் நாள் எழுபத்தாறு.
"சூப் குடியுங்கோ" என்றார், தமிழில்,
அந்த ஒரு வசனத்தை
வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்தவர்போல.

அல்புமின் குறைவென்று பவளராணி
அவித்த முட்டையின் வெள்ளையை எனக்குத் தந்து
மஞ்சளை வீணாக்க மனமில்லாமல் தான் தின்றாள்.
அவளுடைய கொலஸ்ட்ரோல் ஏறியது.
எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கோப்புகள்.

மற்ற எண்ணுக்கு நீண்ட பெயர்.
சுருக்கி சி.இ.ஏ. என்கிறார்கள்.
அதை இங்கே பார்ப்பதில்லை.
கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்கும் நுஸ்கியா
என் கையில் ரப்பர் கட்டி எடுக்கும் மூன்று மில்லிலீட்டர்
ஐஸ்பெட்டிக்குள் இரவு ரயில் ஏறும்.
நான் உப்புவெளியில் நித்திரையாகக் கிடக்க
என்னில் கொஞ்சம்
யானை கடக்கட்டும் என்று
ஹபரணைக் காட்டில் காத்து நிற்கும்.

வெட்டுமுன் முப்பத்தெட்டு.
ஆறு கிழமையில் மூன்று தசம் ஒன்று.
பிறகு மூன்று தசம் எட்டு.
பிறகு நான்கு தசம் நான்கு.
ஐந்துக்குக் கீழேதான் எல்லாம்,
ஐந்தை அண்ணாந்து பார்த்தபடி.

நேற்று அடுத்த துண்டு.
உறையை உடைக்காமல்
ஆஸ்பத்திரிக்கு வெளியே பிளேன்டீக் கடையில் நின்றேன்.
உடைக்காத உறைக்குள் முள் இன்னும் நடுங்குகிறது,
எழுத வேண்டியதில்லை.

பின்னால் ஒரு மான் வந்தது.
இந்த ஊர் மான்கள் காட்டை மறந்து கனகாலம்.
லொத்தர் துண்டு, சோற்றுப் பார்சல், தேர்தல் நோட்டீஸ்,
எதையும் தின்னும்.
உறையின் மூலையைக் கவ்வி
என் முகத்தைப் பார்த்தபடியே மென்றது.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
பெயர் என்னிடம் மிஞ்சியது, வயது மிஞ்சியது.
எண் மானின் வாய்க்குள்.

கடைக்காரன் சிரித்தான். நானும்,
எத்தனை மாதத்துக்குப் பிறகோ,
தழும்பு இழுபட இழுபட.

திரும்பிப் போனேன்.
நுஸ்கியா கதையை நம்பவில்லை,
கிழிந்த ஓரத்து எச்சிலைக் கண்டு நம்பினாள்.
கணினியில் தேடி வாய் திறந்தாள்.
"பிள்ளை, கொஞ்சம் பொறும்.
லொறியின்ர பாரம் எவ்வளவெண்டு தராசு சொல்லும்.
எந்த வளைவில பிரளுமெண்டு
சொன்னதை நான் காணயில்லை."

"நான் எண்ணைத்தான் சொல்லுவன் அங்கிள்.
வளைவை டொக்டரிட்டக் கேளுங்க."

நான்கு தசம் இரண்டு.

இறங்கியதா, நடுங்கியதா,
அறிய இன்னும் மூன்று மாதம்.
மான் மிச்சம் விட்ட துண்டில்
என் பெயருக்கு எதிரே
இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக
முள் நிற்குமுன் எழுதினேன்,
பென்சிலால்.