ஆளில்லாதபோது நன்றாகப் பாடுகிறது

டாங்கோ மூன்றாம் அடியில் நின்றுபோனது.
தாய்ஸ்தோ ஒற்றைக் காலில்,
பாதி பாரத்தை இர்மெலியின் தோளில் வைத்தபடி
இதோ வந்துவிடும் என்று நின்றார்.
வந்தது:
இரண்டு சொட்டு அக்கார்டியன்,
ஒரு விக்கல்.
பிறகு கோட்டுகள் தொங்கும் கூடத்தில்
பனி உருகிச் சொட்டும் சத்தம் மட்டும்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
வாங்கியவன் நான்.
உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினி,
சங்கக் கணக்கில் 'இதரச் செலவு'.
பழைய சிடி பெட்டி புகைந்த இரவில்
யாரும் கேட்காமலே கை தூக்கியிருந்தேன்.

இயிசால்மிக்கு வடக்கே, ஏரி உறைந்து கிடக்கிற பிப்ரவரியில்
புதன்கிழமைகளில் தனியே வந்து
கையுறையோடு கூடத்தைத் திறப்பேன்.
போட்டால் பாடும்.
முதல் பாட்டு, நாற்பதாவது பாட்டு,
பிசிறு இல்லை, திக்கல் இல்லை.
நாற்காலிகளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது போல.

செவ்வாய் வந்தால் மறுபடி விக்கல்.

மின்சாரம் போதவில்லை என்றேன்,
தடித்த அடாப்டர் வாங்கினேன்.
வைஃபையும் ப்ளூடூத்தும்
ஒரே ஆன்டெனாவில் ஒட்டுக்குடித்தனம் என்று படித்தேன்,
வைஃபையைக் காலி செய்யச் சொன்னேன்.
நீல நிற யுஎஸ்பி துளை இரைகிறது என்றார்கள்,
பாட்டு வைத்திருந்த டிஸ்க்கை
நீள ஒயரில் கட்டித் தள்ளி உட்காரவைத்தேன்,
பள்ளியில் சண்டை போட்ட பையனைப் போல.
இடைத்தாங்கியைப் பெருக்கினேன்:
விக்கல் போகவில்லை,
கொஞ்சம் யோசித்துவிட்டு விக்கியது.

அடுப்படி மைக்ரோவேவ்தான் காரணம் என்று
சிர்க்காவிடம் சொன்னது பெரிய தப்பு.
அவள் புல்லா ரொட்டியைச் சூடாக்குவதை நிறுத்தினாள்.
இரண்டு வாரம் அத்தனை பேரும்
கல்லைக் கடித்துக் காப்பி குடித்தோம்.
விக்கல் நிற்கவில்லை.
சிர்க்கா என்னோடு பேசுவது நின்றது.

பிறகு ஒரு செவ்வாய்,
வேறு வழி தெரியாமல் எண்ண ஆரம்பித்தேன்.
நான்கு ஜோடி: சுத்தமாகப் பாடியது.
ஏழு ஜோடி: ஒரு தும்மல்.
பெண்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில்
பதினொரு ஜோடி இறங்க,
பாட்டு செத்தே போனது.

பெட்டி மேடைக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில்.
ஒலிபெருக்கி எதிர்ச் சுவரில், ஸ்டூல் மேல்.
நடுவில் நாங்கள்.
ஆளுக்கு ஐம்பது லிட்டர், அறுபது லிட்டர்,
கம்பளிச் சட்டை போட்ட தண்ணீர்.
பழுது என்று இத்தனை வாரம் நான் தேடியது
கைகோத்துக்கொண்டு
என் முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏணியைக் கொண்டுவந்தேன்.
"யாரும் ஆட வேண்டாம்" என்றேன்,
"ஆனால் போகவும் வேண்டாம்.
ஜோடியாகவே நில்லுங்கள். எனக்குச் சுவர் வேண்டும்."

நின்றார்கள்.
இருபத்திரண்டு பேர், அணைத்த கை அணைத்தபடி,
ஒரு அடியும் எடுத்துவைக்காமல்.
நான் உத்தரத்தோரம் ஒலிபெருக்கியை நகர்த்த நகர்த்த
பாட்டு உடைந்தும் ஒட்டியும்
அவர்கள் தலைக்கு மேலே பாதை தேடியது.
"இன்னும் இடப்பக்கம்" என்றார் தாய்ஸ்தோ,
கண்ணைத் திறக்காமல்.

ஆணியில் மாட்டியதும் திறந்தது:
முழு அக்கார்டியன், அதன் மூச்சு இழுப்பு உட்பட.

"சரி, ஆடலாம்" என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை போலும்.
ஒரு பாட்டு முழுக்க
அப்படியே நின்றார்கள்.
நானும் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

அடுப்படியில் மைக்ரோவேவ் மணி அடித்தது.