பிளாக் 48,21,600

இரவு இரண்டு நாற்பதுக்குச் சங்கிலி நிற்கும் என்று
மூன்று கிழமைக்கு முன்னமே சொல்லிவிட்டார்கள்.
நிற்கிற பிளாக்கின் இலக்கமும் தந்தார்கள்.
பழைய வேர்ஷனை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும்,
உலகம் முழுக்க நூற்றிருபது பேர்.
அதில் ஆரையம்பதியில் ஒருத்தி.

மாற்றங்களின் பட்டியல் நீளம்.
கட்டணம் குறையும்.
கையெழுத்துச் சரிபார்ப்பு மூன்று மடங்கு வேகம்.
பதினேழாவது வரியில்,
வரிசையில் தேங்கிய நினைவகக் கசிவு
அடைக்கப்பட்டது.
அது என்னுடையது.
பதினொரு வரிக் கோட்.
அதற்கு ஆறு கிழமை விசாரணை:
ஏன் இங்கே பூட்டினாய், ஏன் அங்கே திறந்தாய்,
சோதனை எங்கே,
அந்தச் சோதனைக்குச் சோதனை எங்கே.
கடைசியில் முகம் தெரியாத ஒருவர்
ஒரு கட்டைவிரல் போட்டார்.
அன்றைக்கு ஒரு கிலோ இறால் வாங்கினேன்.
வீட்டில் காரணம் சொல்லவில்லை.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி யோசித்து யோசித்து
கடைசிச் சுற்றைச் சுற்றியது.
இன்வேர்ட்டர் கீச்சிட்டது.
ஒரு மணித்தியாலம் தாங்கும் என்று விற்றவன்
கல்முனையில் இப்போது நல்ல நித்திரை.

ஈச்சை47க்கு எழுதினேன்.
"இங்க இருக்குகா," என்றார்.

ஒரு வருடம் அவரை அந்தப் பெயரில் மட்டும் தெரியும்.
நான் கனடாவில் என்று அவர் நினைத்திருந்தார்,
அவர் மலேசியாவில் என்று நான்.
ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில்
மழைக்கு இணைப்பு விழுந்துவிட்டது என்று எழுதினோம்.
காத்தான்குடி.
நடுவில் ஒரு தெரு.
அந்தத் தெருவுக்கு
நான் சின்னவளாக இருந்தபோது
வேறு பெயர் இருந்தது.
அதை இங்கே எழுதவில்லை.

இரண்டரைக்கு வந்தார் பஸ்மிர்,
ஓட்டோப் பற்றரியோடு.
பின் சீற்றில் மனைவி நுஸ்கியா, பாதித் தூக்கத்தில்.
கடப்பைத் திறந்த என் கணவர்
யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார்.

சங்கிலி நின்றது.
திரையில் ஒரு வீதம் மட்டும் ஏறியது.
நாற்பத்தொன்று. ஐம்பத்தெட்டு.
மூன்றில் இரண்டு பங்கு எழும்பினால்தான்
அடுத்த பிளாக்.
அறுபத்தாறு தசம் நாலில்
இருபது நிமிடம் அசையவில்லை.
எங்கோ யாரோ
அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்திருக்க வேண்டும்.
நானும்தான் இன்னும் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்,
பல்லால் உரித்து,
ரோர்ச்சை நுஸ்கியா பிடிக்க.

எழுதினால் அழியாது என்பதுதான்
இந்தப் பேரேட்டின் பெருமை.
எங்கள் வளவின் உறுதி தொண்ணூறில் எரிந்தது.
மிஞ்சிய பிரதியைக் கடல் கொண்டுபோனது.
அதற்கு இந்தச் சங்கிலியால் ஒன்றும் ஆகாது.
யாரோ யாருக்கோ அனுப்பிய சில்லறைக்கு
நான் சாட்சி,
அவ்வளவுதான்.
ஆனாலும் கை நடுங்கியது.

அறுபத்தாறு தசம் ஒன்பது.
நான்தான் தள்ளினேன் என்று சொல்லமாட்டேன்,
அதே கணத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.
பிளாக் விழுந்தது.
அடுத்தது ஆறு வினாடியில்.
அடுத்தது.
கணவர் தேத்தண்ணி ஊற்றினார்,
யாரும் கேட்காமலே.

நாலு பத்துக்கு ஒரு புதிய பக்:
பதிவேட்டில் நேரம் கழித்தலில் காட்டுகிறது.
"உங்கட வரியா?" என்றார் பஸ்மிர்.
"இல்ல, உங்கட," என்றேன்.
அவருடையதுதான். முப்பத்திரண்டாம் வரி.
நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆறரைக்கு அவருக்குப் பள்ளிக்கூட ஹயர்.
பற்றரியைத் திரும்பப் பூட்டினால்
அதில் உயிர் இல்லை.
தள்ளினோம்,
நான், கணவர், செருப்பைக் கையில் பிடித்த நுஸ்கியா.
பாண்காரன் வழிவிட்டு நின்றான்.
கடை ஒன்று திறந்துகொண்டிருந்தது.
இருமியது, நின்றது, இருமியது.
ஸ்டார்ட் ஆனபோது
தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றோமா, அந்தப் பக்கமா,
கவனிக்கவில்லை.