பதினெட்டாம் விதி

லிட்டருக்கு உப்பு அறுபது கிராம், சோடா இருபது.
அறுபது டிகிரியில் ஒரு மணி நேரம்.
கழுவு, சோப்புப் போடு, மறுபடி கழுவு.
இது நோட்டின் முன்பக்கம்.

அதையே கவிழ்த்துப் பிடித்தால்
பின்னட்டையிலிருந்து என் நாவல் தொடங்கும்.
நெருப்பை அழைப்பவன் தன் உடம்புச் சூட்டில் விலை கொடுக்கணும்.
ஒரு விளக்குக்கு ஒரு விரல் மரத்துப்போகும்.
தூரம் இரட்டித்தால் விலை நான்கு மடங்கு.
செத்தவரை எழுப்ப முடியாது, யார் அழுதாலும்.
கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில்
பதினேழு விதி.

அனுப்பர்பாளையம் பேக்கரியில்
தேங்காய்பன்னைப் பிய்த்தபடியே படித்தாள் கோகிலவாணி,
எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசர்.
நாவலில் பாதி அவளுடையது.
"ஏனுங், இது மந்திரமா, கரண்டு பில்லா?"

நான் விடவில்லை.
கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவன்
கடைசிப் பக்கத்தில் புதுசாய் ஒரு சக்தியை
மடியிலிருந்து எடுத்தால்
அது தராசுத் தட்டில் புளி ஒட்டுகிற வேலை.
வாசிக்கிறவனுக்கும் விதி தெரியணும்,
தெரிந்தும் அவன் ஏமாறணும் என்றேன்.

அவள் எழுதிய பன்னிரண்டாம் அத்தியாயத்தில்
வற்றிய கிணற்றுக்குள் ஒருத்தி வாளி விடுகிறாள்.
கயிறு கனக்கிறது.
மேலே வந்த தண்ணீர் அவள் பேரைக் கேட்கிறது.
சொல்கிறாள்.
மறுநாள் அந்தப் பேரில் ஊரில் யாருமில்லை.
அவ்வளவுதான்.

"எதுக்குக் கேக்குது?"
"தெரியாதுங்."
"எழுதுன உங்களுக்கேவா?"
"தெரிஞ்சிருந்தா எழுதியே இருக்க மாட்டனுங்."

அந்த வாரம் ஆகாய நீலம், எண்ணூறு கிலோ.
லேபில் நான் சாயம் போட்ட துண்டு
பையருக்குப் பிடித்து, கையெழுத்தாகி வந்திருந்தது.
மெஷினிலிருந்து இறங்கியதோ
ஓரத்தில் ஒரு கத்திரிப்பூச் சாயலோடு.
தண்ணீரைச் சோதித்தேன். நூல் லாட்டைத் தேடிப் பிடித்தேன்.
உப்பை மறுபடி நிறுத்துப் பார்த்தேன்.
எல்லாம் சரி.
எல்லாம் சரியாக இருந்து நிறம் மட்டும் தப்பு.
ஃபிட்டர் ராக்கியப்பன் எட்டிப் பார்த்து
"செல லாட்டு அப்படித்தானுங்" என்று பீடியைத் தேடினான்.
மூன்றாம் நாள் மொத்தத்தையும் கறுப்பில் முக்கினோம்.
கறுப்பு யாரையும் எதுவும் கேட்காது.

வேனில் திரும்பும்போது சொன்னேன்,
உங்க கட்சிக்கு ஒரு ஓட்டு என்று.
அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாலம்.

"எங்க தோட்டம் நொய்யலுக்குக் கீழ்மடைங்க.
சின்னதுல, மோட்டார் போட்டா
வாய்க்கால்ல ஒரு நாள் செவப்பா வரும், ஒரு நாள் பச்சை.
இன்னைக்கு என்ன கலருன்னு
புள்ளைங்க பந்தயம் கட்டுவோம்.
மந்திரம்னு நெனச்சுட்டு காயிதக் கப்பல் உட்டோம்.
தென்னைல மட்டை ஒவ்வொண்ணா தொங்கிப் போச்சு.
மேல யாரோ ஒருத்தரு நோட்டுல
அதுக்கெல்லாம் கிராம் கணக்கு இருந்திருக்கும்.
கீழ எங்களுக்கு நோட்டு இல்லீங்."

இப்போதெல்லாம் சுத்திகரித்துத்தான் என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
பாலம் தாண்டியும் அவள் வெளியேதான் பார்த்தாள்.

ராத்திரி பதினேழையும் உட்கார்ந்து படித்தேன்.
எல்லா விலையும் மந்திரக்காரனே கொடுத்துவிடுகிறான்:
விரல், சூடு, நாலு நாள் தூக்கம்.
எவ்வளவு ஒழுங்கானவன்!
பதினெட்டு என்று எண் போட்டேன்.
எதிரே பேனா ஓடவில்லை.

கிணற்று அத்தியாயம் அப்படியே இருக்கிறது.
அவளிடம் கேட்டு
ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
வாளியில் வந்த தண்ணீர் ஆகாய நீலம்,
ஓரத்தில் கத்திரிப்பூ.

நீலத்துக்கு எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியும்.
கத்திரிப்பூவுக்குத் தெரியாது.