லிக்விட் பாரஃபின், இருநூறு மில்லி

"எத்தனை நாளா?" என்று கேட்டார்
சூரமங்கலம் மருந்துக்கடை ஷமீமா.
எனக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்.
பலகைக்குங்க என்று சொல்லத்தான் நினைத்தேன்,
நாலு நாளா என்றது வாய்.
"தண்ணி நிறையக் குடிங்க, கீரை சேத்துக்கங்க."
கீரைக்குத்தான் தாயே,
கீரை நறுக்கத்தான் இத்தனை பாடும்.

முதல் பலகைக்கு வார்னிஷ் அடித்தவன் நான்.
மூன்று பூச்சு. முகம் தெரிந்தது அதில்.
மாதேஸ்வரி பார்த்துவிட்டு
"மாட்டி வைக்கவா, நறுக்கவா?" என்றாள்.
நறுக்கினாள். இருபதாம் நாள்
பீட்ரூட் பொரியலில் பளபளவென்று
மீன் செதில்போல ஒன்று,
அதுவும் அமாவாசைச் சமையலில்.
தட்டோரம் கறிவேப்பிலையோடு ஒதுக்கினாள்.
எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் பலகை
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றது.

இருபத்தாறு வருஷமாய் ஆலையில்
துருப்பிடிக்காத தகடு உருட்டுகிற கை இது.
எஃகு எதையும் குடிக்காது.
வெங்காயத்தை, மஞ்சளை, என் விரல் ரேகையை
ஒரு துடைப்பில் மறந்துவிடும்.
மரம் அப்படியில்லை என்று
ஐம்பத்து மூன்று வயதில் தெரியவந்தது.

செவ்வாய்ப்பேட்டை மர அறுவை மில்லில்
யார் வீட்டு நிலைக்கோ அறுத்த பலாவில்
ஒன்றரை அடி மிச்சம்.
இழைக்க இழைக்க மொட்டைமாடி எங்கும் மஞ்சள் தூள்,
கல்யாண வீட்டு வாசல்போல.
எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது,
உப்புத்தாளின் எண் ஏற ஏற
உள்ளங்கைக்கு அடியில் மரம் பேச்சைக் குறைத்தது.
ஈரத்துணியால் ஒரு துடை:
புல்லரித்தாற்போல் நார்கள் எழுந்து நின்றன.
காயவிட்டு, மறுபடி தேய்த்தேன்.

இனி எதைக் குடிக்கக் கொடுப்பது இதற்கு?
தையில் ஒரு சில்லில் தேங்காய் எண்ணெய் தடவினேன்,
பங்குனி வெயிலுக்குச் சிக்கு வாடை.
நல்லெண்ணெய் காயவே இல்லை,
எறும்புகள் மட்டும் வந்து பார்த்துப் போயின.
ஆளிவிதை எண்ணெய், ஹார்டுவேர் கடை டப்பா,
சீக்கிரம் காய எதையோ கலந்திருந்தார்கள்.
அடியில் பொடி எழுத்தில் 'உட்கொள்ளத் தகாதது'.
சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து
அந்த வரியைச் சத்தமாய் இரண்டு தடவை வாசித்தேன்.
"சாப்பிடுங்க முதல்ல" என்றாள்.

ஏற்காட்டு வளைவொன்றில் தேன் விற்ற சடையாண்டி
தேன் வேண்டாம், மெழுகு போதும் என்றதும்
ஏற இறங்கப் பார்த்தார்.
"சிலை ஏதும் வார்க்கறீங்களா?"
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த பழுப்பு உருண்டையில்
தேனீயின் கால் ஒன்று ஒட்டியிருந்தது.

ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு மலமிளக்கி.
கொதிநீரில் நிறுத்திய டம்ளரில் உருகி
பழைய வேட்டியில் வடிந்து ஆறியது.
முதலில் வெறும் எண்ணெய்தான்.
தடவினேன், குடித்தது. தடவினேன், குடித்தது.
வெட்டுவாய்ப் பக்கம் இன்னும் தாகம்.
ஏழாம் தடவை எண்ணெய் மேலேயே நின்றது,
போதும் என்று இலையை மடித்த மாதிரி.
பிறகு மெழுகு. பிறகு ஒரு ராத்திரி.

மாதேஸ்வரி முகர்ந்தாள்.
நான் எதிர்பாராமல் நாக்கால் தொட்டாள்.
"ஒண்ணுமே இல்லையே" என்றாள்.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான்
மூன்று மாதம் ஆயிற்று.

கத்தி இறங்கியது. பளபளப்பின் நடுவே
மயிரிழைக் கோடு ஒன்று. முகம் சுளித்திருப்பேன் போல.
"உங்களுக்கா வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே
அடுத்த கோட்டையும் போட்டாள்.

மாதம் ஒருமுறை அதற்குத் தாகம் எடுக்கும்,
வெளிறிப்போய்க் காட்டிக்கொடுக்கும்.
போன சனிக்கிழமை மறுபடி கடையில் நின்றேன்.
ஷமீமா குரலைத் தாழ்த்தி,
"இப்ப எப்படி இருக்குங்க?"
"நல்லா இறங்குதுங்க."
பின்னால் யாரோ செருமினார்கள்.
என் பையில்
அரைக்கீரை இரண்டு கட்டு.