ரெஜிபோம் மூடி

மார்கழி இருபத்தேழு. டச் பே கடற்கரை.
நான்காவது தடவையாக
ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறார் பிறின்ஸ்ரன்:
"இன்னும் சற்று நேரத்தில்
திருகோணமலையில் பனி பொழியும்."
கேட்டதுபோல
வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டில் பனி என்பது ஒரு இயந்திரம்.
போன ஐப்பசியில், என் காப்புச்சோடி அடகுக்குப் போன கிழமை,
கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது,
கூடவே ஒரு பீப்பாய் நுரைத் தண்ணீர்.
கல்யாணம், பிறந்தநாள், பாலர் விளையாட்டுப்போட்டி
எல்லாத்துக்கும் இனிப் பனிதான் என்றார் மனுசன்.
இரண்டு மாதம்
மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது.

லூக்காவுக்கு ஒன்பது வயது.
சுவிஸில், மலைக்கு மேலே ஒரு ஊர்.
நத்தார் விடுமுறையில் அங்கே
தீப்பந்தம் பிடித்தபடி இரவில்
வரிசையாகச் சறுக்கி இறங்குவார்களாம்.
கீழே சனம் கிண்ணத்தைப் பொத்திப் பிடித்து
சூடாக ஏதோ குடிக்குமாம்.
இறந்தகாலம் இல்லாத தமிழில் சொல்லுவான்:
"நான் போறேன். நான் விழுறேன். நான் எழும்புறேன்."
என் மகள் டிலோனா வாய் மூடாமல் கேட்பாள்.

இயந்திரம் இருமியது. நுரை வந்தது.
முதலில் கிட்டப் போனது
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று.
நக்கியது. தும்மியது. திரும்பி நடந்தது.
லூக்காவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.
"மாமா, இது ஸ்னோ இல்லை.
இது குளிக்கிறது."

பிறகு மழை.
ஐந்து நிமிடத்தில் எங்கள் பனி
கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.
கரண்ட் போனது. பாட்டும் நின்றது.
தறப்பாளை இயந்திரத்துக்குப் போர்த்திவிட்டு
தான் நனைந்துகொண்டு நின்றார் பிறின்ஸ்ரன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல நிறைய இருந்தது.

வாடைக் கடல் கரையை வெட்டி வெட்டி
ஆளுயரத்தில் ஒரு சரிவு விட்டிருந்தது.
அதை முதலில் கண்டவன் லூக்கா.
மீன்காரர் சகாயத்தின் லொறியிலிருந்து
ரெஜிபோம் பெட்டி மூடிகள் எப்போது இறங்கின,
யார் கேட்டு எடுத்தது, தெரியாது.
பார்க்கிறேன், பதினைந்து பிள்ளைகள்
ஈர மணலில் வழுக்கி வருகிறார்கள்
சூடைமீன் நாற்றத்தோடு.

குடைக்குள் நின்றாள் யூஜினி, லூக்காவின் தாய்.
அந்த ஊரில் அவளுக்குப் பன்னிரண்டு மார்கழி.
விடுதியில் முப்பத்தாறு கட்டில்,
சப்பாத்து உலர்த்த ஒரு அறை.
மற்றவர்களின் விடுமுறை அவளுக்கு இரட்டை வேலை.
ஒருநாளாவது சறுக்கினாயா என்று
நேற்று கணவாய் கழுவும்போது கேட்டேன்.
"ஆற்றை காலால, மச்சாள்?" என்றாள்,
மையை அலசிக்கொண்டே.

இப்போது குடையை என் கையில் தந்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
டிலோனாவிடமிருந்து மூடியை வாங்கி
சட்டையை முழங்காலுக்குக் கீழே செருகி
உச்சியில் குந்தினாள்.
"அம்மா, கீழே பாக்காத!
தூரத்தைப் பார்!" கத்தினான் மகன்.
தூரத்தில் மழைக்குள்
பாதிக் கப்பல் ஒன்று நின்றது.

பத்தடி இருக்கும், கூடினால்.
நடுவழியில் மூடி இரண்டாக உடைந்தது.
மீதித் தூரத்தை மணலில் உருண்டு
அலைக்குள் விழுந்து எழும்பியவள்
தமிழுமல்லாத ஜேர்மனுமல்லாத
ஏதோ ஒன்றைக் கத்தினாள்.
பிறகு மறுபடியும் ஏறினாள்.
யாரோ இன்னொரு மூடி நீட்டினார்கள்.

பொழுதுபட, நடுங்கிக்கொண்டு
இரண்டு ஓட்டோவில் கன்னியா போனோம்.
ஏழு கிணற்றிலும் வாளி போட்டு
எது கூடச் சூடு என்று பிள்ளைகள் சண்டை.
யூஜினியின் தலைமயிரில்
வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன.
எத்தனை வாளி ஊற்றியும் போகவில்லை.

வரும் வழியில் பிறின்ஸ்ரன்
வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு மெதுவாக, வெளியே பார்த்தபடி:
"அந்த மூடி
நூறாக எடுத்தால்
என்ன விலைக்கு விடுவான் சகாயம்?"

நான் வெறுங்கையை
மடிக்குள் ஒளித்துக்கொண்டேன்.